சும்மா இருக்கத் தெரியாத ஆர்லன்

முன்பின் தெரியாத ஒருவரின் படகுக்குப் பின்னால் போய், முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். படகின் அடியில், பின்பக்கம், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் தக்கை மாட்டியிருக்கிறதா? இல்லை. ஆர்லன் விக் நிமிர்ந்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, படகை இழுத்து வந்த பிக்கப் வண்டியின் ஜன்னலைத் தட்டுகிறார்.

"தம்பி, மீன் பிடிக்கப் போறீங்களா, இல்ல மீனோட குடித்தனம் நடத்தப் போறீங்களா?"

ஒரு ஏரித் தண்ணீர் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது. ஏரியையே நாசமாக்குகிற வரிச்சிப்பிகள் தொற்றிக்கொண்டு போய்விடும். அதனால் படகில் தேங்கிய தண்ணீர் வடிந்துபோக, சாலையில் வரும்போது தக்கையைக் கழற்றி வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் மாநிலத்துச் சட்டம். தண்ணீரில் இறக்கும்போது மாட்டியிருக்க வேண்டும் என்பது பொது அறிவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர்ப் படகுகள் மூழ்குகின்றன. கழற்றியிருக்கிறதா, பாசி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் கோடைகால வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, பளீரென்ற மஞ்சள் மேல்சட்டையும் உண்டு. திரும்ப மாட்டியாயிற்றா என்று பார்ப்பது ஆர்லனின் வேலை. அப்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆர்லனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குட்டையான ஆள். அகலமான தோள்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. கொரித்துக் கொரித்துத் தோலை ஒரு காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பார். அந்தக் கோப்பையில் சற்று முன்வரை காபி இருந்திருக்கும். மறந்துபோய் அதையே எடுத்து வாயில் வைத்துக்கொள்வதும் உண்டு. டேமரக் ஏரியில் படகு இறக்குகிற சரிவுக்குச் சனி, ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார். சொந்தமாக ஒரு படகும் வைத்திருக்கிறார். அது பெரும்பாலும் வீட்டிலேயே போர்த்திக் கிடக்கும்.

"தண்ணியில போனா என்ன பண்றது? உக்காரணும்," என்றார் ஒரு நாள், அதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்பது போல.

அவருடைய மனைவி ஜோன், தான் கழுவி அடுக்கிய பாத்திரங்களை இவர் மறுபடி அடுக்குவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "ஏரிக்குப் போய் வேற யாரையாவது படுத்துங்க" என்று அனுப்பிவைப்பதாகக் கேள்வி. அதை எங்களிடம் சொன்னதும் ஆர்லன்தான். பெருமையாகவே சொன்னார்.

வார நாட்களில் லாரி ஓட்டுகிறார். ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்கிற உறிஞ்சு லாரி. வெள்ளைப் பிர்ச் மரங்களுக்கும் பூப்பாத்திகளுக்கும் நடுவே, ஒரு இலைகூட நசுங்காமல், பக்கக் கண்ணாடியைப் பார்த்தே அவ்வளவு பெரிய வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அவருடைய நண்பர் டெல்மர் இதற்கென்றே ஒரு கேலி வைத்திருக்கிறார். "ஆர்லன் பின்னால எவ்வளவு தூரம் வேணும்னாலும் போவான். முன்னால போறதுக்குத்தான் அவனுக்கு வழி தெரியாது." ஆர்லன் விடமாட்டார். "உன் வீட்டுத் தொட்டில என்னென்ன மெதந்துச்சுன்னு எனக்குத் தெரியும் டெல்மர். கொஞ்சம் மரியாதையாப் பேசு."

எங்கள் ஊரில் கோடை என்பது மூச்சுவிடுவதற்குள் முடிந்துபோகிற சமாச்சாரம். அதனால் வெயில் அடிக்கிற வார இறுதியில் ஊரே ஏரிக்கு வந்துவிடும். நகரத்திலிருந்தும் வருவார்கள். இருப்பதோ ஒரே ஒரு கான்கிரீட் சரிவு. பக்கத்தில் படகுகளைக் கட்டிவைக்க ஒரு மரமேடை. வண்டிகள் நெடுஞ்சாலை வரை நிற்கும். இந்த வரிசைக்கென்று எழுதப்படாத மரியாதைகள் இருக்கின்றன. சரிவுக்கு வருமுன்பே, மேலே காத்திருக்கும்போதே, போர்வையைக் கழற்றி, சாமான்களை ஏற்றி, படகைத் தயார் செய்துவிட வேண்டும். தனியாக வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு வரும்வரை அவருடைய படகை யாராவது பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் எதிர்ப்படுகிற எல்லாருக்கும் கை அசைக்க வேண்டும், சண்டை போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. ஒருவர் சரிவில் திணறும்போது மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். படகு ஏற்றிய ட்ரெய்லரை வண்டியால் பின்னால் தள்ளும்போது, அது போக வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். தெரிந்தவர்களுக்கே கூட்டத்தைப் பார்த்தால் மறந்துபோகும். ட்ரெய்லர் வளைந்து வளைந்து வந்து வண்டியோடு முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் திடீரென்று ஷூ நாடா அவிழ்ந்துவிடும். வானத்தில் மேகம் பார்க்க வேண்டியிருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், யோசனை சொல்ல மாட்டார்கள், பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஆர்லனுக்கு இது மட்டும் வராது. அவரால் வேறு பக்கம் பார்க்க முடியாது. ஓடிப்போய்விடுவார். "நேரா, நேரா, இப்போ ஒடிங்க, ஒடிங்க, போதும் போதும்!" என்று இரண்டு கைகளையும் வீசுவார். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் காது மடல் சிவக்க, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சிவந்த காது அவர் கண்ணில் பட்டதேயில்லை.

போன வருடம் மே மாதக் கடைசியில், கோடையின் முதல் நீண்ட வார இறுதியன்று, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தது அவருடைய மகள் கெல்சி. பக்கத்து ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். முப்பதை நெருங்குகிற வயது. அப்பாவின் வண்டி, அப்பாவின் படகு. ட்ரெய்லர் ஒருமுறை வளைந்தது. முன்னால் எடுத்து மறுபடி தள்ளினார். மறுபடியும் வளைந்தது. ஆர்லன் மரமேடையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். "இடது! இடது! உன் இடது இல்ல, என் இடது!" அப்புறம் விறுவிறுவென்று போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு."

கெல்சி தள்ளி உட்காரவில்லை. இறங்கினார். ஆர்லன் ஏறி, ஒரே மூச்சில் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். நூல் பிடித்தது மாதிரி. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது, மகள் ஈரக் கால்களோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு கெல்சி இந்த ஏரிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதும் நின்றது. கிறிஸ்துமஸுக்கு வந்தார், கோட்டைக் கழற்றாமலே ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சொந்தமாக ஒரு சின்ன அலுமினியப் படகு வாங்கி, மலைப்பக்கத்துக் குட்டை ஏரியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தியையே ஆர்லன் டெல்மரிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல படகாப் பார்த்துக் குடுத்திருப்பேனே," என்று என்னிடம் புலம்பினார்.

"அதுக்குத்தான் சொல்லலையோ என்னவோ," என்றேன். அவர் விதையைக் கொரித்தபடி வேறொரு படகின் அடியைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எந்தப் பாடம் எடுப்பது, எந்த வேலைக்குப் போவது என்று பக்கத்தில் நின்று கத்த வீட்டில் யாரும் இல்லை. அப்பா வான்கோழிப் பண்ணையில் வேலை முடித்து வந்து, "நீ படிச்சவ, உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுவார். அது என் கையில் ஒப்படைத்ததா, கைவிட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆர்லனைப் பார்க்கும்போது ஒரு நாள் கெல்சிமேல் பொறாமையாக இருக்கும். மறுநாள் பரிதாபமாக இருக்கும்.

இந்தக் கோடையில் மழை இல்லை. மலைப்பக்கத்துக் குட்டை ஏரியில் தண்ணீர் இறங்கி, அங்குள்ள சரிவு சேற்றில் போய் முடிந்தது. அதை மூடிவிட்டார்கள். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தினத்தை ஒட்டிய வார இறுதிக்கு முன்பு, ஆர்லன் லாரியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"இன்ஸ்பெக்டரம்மா, சனிக்கிழமை கெல்சி வர்றா. இங்கதான். போன்ல சொன்னா."

"நல்ல விஷயம்தானே?"

"என்ன சொன்னா தெரியுமா? 'வராதீங்கன்னு சொன்னா நீங்க வராம இருக்க மாட்டீங்க. வாங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா, ப்பா, அதோட சரி. வீட்டுக்கும் வரமாட்டேன், போனும் பண்ணமாட்டேன்.'" மகளின் குரலிலேயே சொல்லிக்காட்டினார். பிறகு தன் குரலில், "நான் என்ன, படகை முங்கடிக்கவா போறேன்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது?" லாரியில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். "தக்கையைப் பத்தி மட்டும் நீ ஞாபகப்படுத்திடு. அது உன் வேலைதானே? அதுல நான் இல்ல."

சனிக்கிழமை காலையிலேயே வரிசை நெடுஞ்சாலையைத் தொட்டுவிட்டது. மரமேடையின் இரு பக்கமும் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பாட்டுச் சத்தம், நாய்கள், பெட்ரோல் வாடை, குளிர்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அதைப் பற்றிச் சண்டை போடும் தம்பதிகள். ஆர்லன் மேடையின் நடுவில் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டு நின்றார். வந்ததிலிருந்து ஒரு படகின் அடியையும் அவர் குனிந்து பார்க்கவில்லை. எனக்கே என்னவோ போலிருந்தது. டெல்மர் தன் படகில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஆர்லன், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். ஆர்லன் வாயைத் திறக்கவில்லை. இப்போதிருந்தே பழகிக்கொள்கிறார் போலிருக்கிறது.

கெல்சி வந்தார். பழைய பிக்கப் வண்டி, பின்னால் அந்த அலுமினியப் படகு. நாய்கூட இல்லை, தனியாகத்தான் வந்திருந்தார். நான் பாசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தக்கையைப் பற்றிச் சொன்னேன். மாட்டினார். மேலே காத்திருக்கும்போதே படகைக் கட்டியிருந்த முன்பட்டையைத் தளர்த்தி, சாமான்களை ஏற்றி, எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். மேடைப் பக்கம் மட்டும் அடிக்கடி பார்த்தார். அவர் முறை வந்தது. கண்ணாடியைப் பார்த்தபடி பின்னால் தள்ளினார். ட்ரெய்லர் நேராகப் போயிற்று. ஒரு வளைவு இல்லை. ஆர்லனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை இவ்வளவு தூரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது.

படகின் பின்பகுதி தண்ணீருக்குள் போனது. மிதந்திருக்க வேண்டும். மிதக்கவில்லை. கெல்சி இன்னும் கொஞ்சம் தள்ளினார். படகு எழும்ப, அதனுடன் ட்ரெய்லரும் சேர்ந்து எழும்பியது. அப்போதுதான் நானும் பார்த்தேன். படகின் பின்பக்கத்தை ட்ரெய்லரோடு சேர்த்துக் கட்டுகிற இரண்டு பட்டைகளில் ஒன்றை அவிழ்த்திருந்தார். இடது பக்கத்தது அப்படியே இறுகிக் கிடந்தது.

வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோருடைய ஷூ நாடாவும் அவிழ்ந்துவிட்டது. டெல்மர் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆர்லன் மேடையிலிருந்து இறங்கி, சரிவைச் சுற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடியே என்னிடம் வந்தார்.

"இடது பட்டை. பின்னால. நீ போய்ச் சொல்லிடு."

நான் கிளம்பினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நில்லு. வேண்டாம்." மறுபடி என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் உன்கிட்ட ஓடி வந்ததை அவ கண்ணாடியில பார்த்திருப்பா. நீ போனா நான் போன மாதிரிதான்." மூச்சு வாங்கியது. "ஆனா சொல்லலைன்னா... இன்னும் தள்ளினா பின்னால தண்ணி ஏறிடும். சின்னப் படகு அது. நீ போ. இல்ல, இரு."

"ஆர்லன், போகவா, இருக்கவா?"

"தெரியலையே," என்றார். அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கெல்சி இன்னும் தள்ளினார். வண்டியின் பின்சக்கரங்கள் நனைந்தன. புகைக்குழாய் தண்ணீருக்குள் குபுகுபுவென்று கொப்பளித்தது. கட்டுண்ட பின்பக்கம் தாழ்ந்தே கிடக்க, ஒரு சின்ன அலை அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஆர்லனின் வலது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. காற்றில் ஏதோ ஒரு கொக்கியை அவிழ்ப்பது போல விரல்கள் அசைந்தன.

அந்த நேரத்தில் வரிசையில் கெல்சிக்கு அடுத்ததாக நின்ற வண்டி ஹார்ன் அடித்தது. நகரத்துக்காரர். பின்னால் ஒரு வீட்டளவுக்குப் படகு. எங்கள் ஊரில் சரிவில் ஹார்ன் அடிப்பது, தேவாலயத்தில் விசில் அடிப்பது மாதிரி. ஆர்லன் திரும்பினார். அவருக்குள் பொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் போவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. நேராக அந்த ஜன்னலுக்குப் போனார்.

"தம்பி, ஹார்ன் அடிக்கிற கைக்கு வேற வேலை இருக்கு. உங்க படகு இன்னும் போர்வையைப் போர்த்திக்கிட்டுத் தூங்குதே. அடுத்தது உங்க முறைதானே? சரிவுக்கு நடுவுல நின்னு அதை எழுப்பப் போறீங்களா?"

"பெரியவரே, அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியலைன்னா யாராவது போய் ஓட்டிக் குடுக்கலாம்ல?"

"அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியும்," என்றார் ஆர்லன்.  "நேராத்தான் போனா. நீங்க பார்க்கல? நூல் மாதிரிப் போனா. எறங்குங்க, போர்வையைக் கழட்டுங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

அந்த ஆள் என்ன நினைத்தாரோ, இறங்கினார். இருவரும் போர்வையைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆர்லன் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், தேவைக்கு மேல் மெதுவாக. அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து நரம்பு தெரிந்தது.

கீழே கெல்சி வண்டியை முன்னால் எடுத்து, மேட்டில் நிறுத்தி, இறங்கி, படகைச் சுற்றி நடந்தார். இடது பட்டையிடம் வந்ததும் நின்றார். படகின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை. அந்தச் சத்தத்துக்கு ஆர்லனின் தோள்கள் துள்ளின. ஆனாலும் திரும்பவில்லை. கெல்சி பட்டையை அவிழ்த்தார். மறுபடி ஏறினார், தள்ளினார். படகு ட்ரெய்லரை விட்டு வழுக்கிக்கொண்டு மிதந்தது.

இனி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வண்டி நிறுத்துகிற மைதானம் நிரம்பிவிட்டதால் நெடுஞ்சாலை ஓரத்தில்தான் இடம். அதுவரை படகைக் கட்டிவைக்க மேடையில் ஒரு கொக்கிகூடக் காலியில்லை. கெல்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரமாகப் படகை நடத்திவந்தார். டெல்மர் காலை மடக்கிக்கொண்டு எழுந்து கையை நீட்டினார். இன்னும் இரண்டு பேர் நீட்டினார்கள். கெல்சி அவர்களையெல்லாம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மேட்டை நோக்கிக் கூப்பிட்டார்.

"ப்பா."

ஆர்லன் கையில் பாதிப் போர்வையோடு திரும்பினார். அதை நகரத்துக்காரரின் கையில் திணித்துவிட்டு இறங்கி வந்தார். மகள் எதிரில் நின்றபோது அவருக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. வாயை இறுக மூடியிருந்தார்.

"நீங்க அந்தப் பட்டையைப் பார்த்தீங்கதானே?"

ஆர்லன் தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

கெல்சி கயிற்றை நீட்டினார். "இதைப் பிடிங்க. வண்டியை நிறுத்திட்டு வர்றேன். பிடிச்சா மட்டும் போதும்."

கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி மேட்டில் ஏறி, வரிசையைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. படகு மெல்ல ஆடி மேடையில் இடித்தது. டங் என்றது. இடி தாங்குகிற ரப்பர் உருளை, படகுக்குள்ளேயே, எட்டினால் கைக்கு வருகிற தூரத்தில் கிடந்தது. ஆர்லன் அதைப் பார்த்தார். மறுபடி இடித்தது. பின்பக்கம் அலையடித்து உள்ளே வந்த தண்ணீர் அங்குமிங்கும் ஓடியது. பக்கத்திலேயே ஒரு காலி டப்பாவும் இருந்தது. அதையும் பார்த்தார்.

"அந்த உருளையைத் தூக்கி வெளியே போடேன், ஆர்லன்," என்றார் டெல்மர். "பெயின்ட் போயிடும்."

 அந்தச் சின்னப் படகை நிறுத்திவைக்க ஒரு விரலில் கயிற்றை மாட்டியிருந்தாலே போதும். ஆர்லன் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.